ஐந்தாம் அத்தியாயம்: ஸ்பாம் வடிகட்டிக்கு நம் வியாபாரத்தைக் கற்பித்தல்

பாலாற்றங்கரையில் வாணியம்பாடியிலும், அதை அடுத்த ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும், தோல் பதனிட்டு அயல்நாடுகளுக்கு அனுப்பிவரும் ஸ்தாபனங்களுக்கு வருகிற ஆர்டர்களும், சாம்பிள் பற்றிய அபிப்பிராயங்களும், பாங்குகளின் அறிவிப்புகளும், கப்பல் ஏஜெண்டுகளின் தகவல்களும் இன்று பெரும்பாலும் மின்னஞ்சல் மூலமாகவே வந்து சேருகின்றன. அதே பெட்டிக்குள்ளேயே, லாட்டரியில் பரிசு விழுந்ததாகச் சொல்லும் கடிதமும், போலி மருந்து விற்கும் கடிதமும், திறந்த மாத்திரத்தில் கம்ப்யூட்டரையே முடக்கிவிடும் கோப்பைச் சுமந்து வரும் கடிதமும் வந்து விழுகின்றன. இவ்விரு வகையையும் பிரித்து வைப்பதற்கென்று ஏற்பட்ட சாதனமே ஸ்பாம் வடிகட்டி. அதை ஒரு முறை அமைத்துவிட்டால் மற்றவற்றையெல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பது சரியல்ல. எந்த ஸ்தாபனத்துக்காக வடிகட்டி வேலை செய்கிறதோ அந்த ஸ்தாபனமே தன் வியாபாரத்தை அதற்குக் கற்பிக்க வேண்டும். கற்பிக்கும்போது, கெட்ட கடிதம் எது என்பதைக் காட்டிலும் நல்ல கடிதம் எது என்பதையே முதன்மையாகக் கற்பிக்க வேண்டும்.

இப்படி வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உலகெங்கும் திரியும் ஸ்பாம் கடிதங்களில் ஒரு பெரிய வகை, பிரபலமான கம்பெனிகளின் பெயரைத் திருடிக்கொண்டு, கைப்பைகளையும் காலணிகளையும் பர்ஸுகளையும் பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லும் விளம்பரங்களாகும். ஆகவே, ஊர் உலகத்துக் கடிதங்களைக் கொண்டு பழக்கப்பட்ட ஒரு வடிகட்டிக்கு, லெதர், ஷூ, மொத்த விலை, தள்ளுபடி, இலவச சாம்பிள், அவசரம், முன்பணம் என்ற சொற்கள் ஒரே கடிதத்தில் கூடி வரக் கண்டால் சந்தேகம் எழுவது இயல்பே. ஆனால் அச்சொற்களில் நாலைந்தாவது இல்லாத வியாபாரக் கடிதம் நம் ஊருக்கு வருவது அரிது. சீனத்துச் சிறு வியாபாரிகள் பலர், சொந்தக் கம்பெனியின் பெயரில் முகவரி வைத்துக்கொள்ளாமல், 163, கியூகியூ முதலிய இலவச அஞ்சல்களிலிருந்து எழுதுகிறார்கள். கியூகியூ முகவரிகளில் பெரும்பாலும் ஆளின் பெயர்கூட இராது, வெறும் எண்களே இருக்கும். இத்தாலியில் தோல் தொழிலுக்குப் பேர்போன ஆர்ஸிஞ்ஞானோவிலிருந்தும் சாந்தா க்ரோச்சேயிலிருந்தும் இயந்திரத்தைப் பற்றியோ ரசாயனத்தைப் பற்றியோ வரும் கடிதத்தில் பாதி இத்தாலிய மொழியிலேயே இருக்கக்கூடும். இலவச முகவரி, எண்களாலான பெயர், அந்நிய பாஷை, பணத்தைப் பற்றிய பேச்சு ஆகிய இவையெல்லாம் சாதாரணமான ஒரு வடிகட்டியின் கண்ணுக்குக் குற்றத்தின் அடையாளங்கள். வாணியம்பாடிக்கோ அவை அன்றாட வியாபாரத்தின் அடையாளங்கள்.

வடிகட்டி செய்யக்கூடிய பிழைகள் இரண்டு. ஸ்பாமை நல்ல கடிதமென்று உள்ளே விடுவது ஒன்று. நல்ல கடிதத்தை ஸ்பாமென்று ஒதுக்கிவிடுவது மற்றொன்று. முதற்பிழையினால் குமாஸ்தாவுக்குச் சில விநாடி நஷ்டம். அந்தக் கடிதத்தை அழித்துவிட்டு அவர் தம் வேலையைத் தொடர்வார். இரண்டாம் பிழையோ ஒருவருக்கும் தெரியாமலே நடந்துவிடுகிறது. லெட்டர் ஆஃப் கிரெடிட்டின் கீழ் சரக்கு அனுப்பியவர், சர்வதேச விதிப்படி, கப்பலேற்றிய 21 நாட்களுக்குள் பத்திரங்களைப் பாங்கில் சமர்ப்பிக்க வேண்டும். பாங்கு அவற்றைப் பரிசீலிக்க 5 வேலை நாட்கள் வரை எடுத்துக்கொள்ளலாம். பத்திரத்தில் ஒரு சிறு முரண் இருந்தால் அதைத் திருத்தித் தர எஞ்சியிருக்கும் அவகாசம் மிகச் சொற்பம். முரண் உண்டென்று தெரிவிக்கும் கடிதம் ஸ்பாம் ஃபோல்டரில் போய்க் கிடந்தால், அந்த ஃபோல்டரில் கடிதங்கள் 30 நாட்கள் பத்திரமாக இருக்கும் என்று ஜிமெயில் அளிக்கும் உறுதி நமக்கு எவ்விதத்திலும் பயன்படாது. ஆகையினால், ஐம்பது ஸ்பாம் உள்ளே வந்தாலும் பாதகமில்லை, ஒரு நல்ல கடிதம் வெளியே போகலாகாது என்ற நிர்ணயத்தை முதலில் செய்துகொண்டு, பின்வரும் ஏற்பாடுகள் அனைத்தையும் அந்த நிர்ணயத்துக்கு உட்பட்டே செய்ய வேண்டும்.

வடிகட்டி கற்றுக்கொள்ளும் விதத்தை ஓரளவேனும் அறிந்தவரே அதற்குச் சரியாகக் கற்பிக்க முடியும். தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் எழுதி வைத்து, அவர் மறைந்த பின் 1763இல் வெளியான ஒரு கணிதக் கட்டுரையின் தத்துவத்தை, அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் 1998இல் மின்னஞ்சலைப் பிரிப்பதற்குப் பிரயோகித்தார்கள். 2002இல் பால் கிரஹாம் என்பவர் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அம்முறை எங்கும் பரவிற்று. தத்துவம் எளிது. ஒரு சொல் நல்ல கடிதங்களில் எத்தனையில் வந்தது, ஸ்பாமில் எத்தனையில் வந்தது என்று எண்ணி வைத்துக்கொண்டு, அந்த விகிதத்தைக் கொண்டு, புதிதாக வரும் கடிதத்தில் அச்சொல் ஸ்பாமுக்கு எவ்வளவு சாட்சி சொல்கிறது என்று கணக்கிடுவதுதான் அது.

உதாரணமாக, சென்னையில் ஓர் ஆஸ்பத்திரி 400 நல்ல கடிதங்களையும் 400 ஸ்பாமையும் வடிகட்டிக்குக் காட்டுகிறது என்றும், ‘லெதர்’ என்ற சொல் நல்லவற்றில் 4 கடிதங்களிலும் ஸ்பாமில் 40 கடிதங்களிலும் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். 44இல் 40 என்ற கணக்கில், அச்சொல் ஸ்பாமுக்குச் சாட்சியாகும் வாய்ப்பு நூற்றுக்கு 91 ஆகிறது. அதே 400 ஸ்பாமையும், ‘லெதர்’ என்ற சொல் 320இல் உள்ள 400 நல்ல கடிதங்களையும் நம் ஊர்த் தோல் ஷாப்பு ஒன்று காட்டினால், 360இல் 40 என்று ஆகி, அந்த வாய்ப்பு நூற்றுக்கு 11ஆக இறங்கிவிடுகிறது. ஸ்பாமில் எந்த மாறுதலும் இல்லை. நாம் காட்டிய நல்ல கடிதங்களே தீர்ப்பை மாற்றின. கிரஹாம் தம் முறையில், நல்ல கடிதத்தில் வந்த சொல்லை இரு மடங்காக எண்ணும்படியும், ஒரு கடிதத்தில் மிக வலுவாகச் சாட்சி சொல்லும் 15 சொற்களை மட்டும் கொண்டு தீர்ப்புச் செய்யும்படியும், இதுவரை கண்டறியாத புதிய சொல்லைச் சற்றே நல்லதாகக் கருதும்படியும் அமைத்ததற்கு, நிரபராதி தண்டிக்கப்படலாகாது என்ற எச்சரிக்கையே காரணம். எந்த மொழியானாலும் வடிகட்டிக்குச் சொல் சொல்லே. இத்தாலியமும், ரோமன் எழுத்தில் எழுதிய உருதும், தமிழும் நல்ல கடிதங்களில் போதிய அளவு இருந்தால் அவற்றையும் நம்முடையவை என்று அது கற்றுக்கொள்ளும்.

தோல் ஷாப்பில் செலக்‌ஷன் செய்பவர் ஆயிரக்கணக்கான தோல்களைக் கையால் தடவித் தடவித் தரம் பிரிக்கப் பழகுவது போலத்தான் வடிகட்டியும் பழகுகிறது. ஆகவே அதன் கையில் எதைக் கொடுக்கிறோம் என்பதே எல்லாவற்றிலும் முக்கியம். 2001இல் தோன்றி 2004 முதல் அப்பாச்சி ஸ்தாபனத்தின் பராமரிப்பில் இருந்துவரும் ஸ்பாம்அஸாஸின் என்ற இலவச வடிகட்டி, தன் சாதாரண அமைப்பில், நல்லவற்றில் 200, ஸ்பாமில் 200 கடிதங்களையாவது பார்க்காமல் பேய்ஸ் முறைப்படி அபிப்பிராயமே சொல்லாது. அந்த எண்ணிக்கை ஆரம்பத்துக்கு மட்டுமே போதும். ஒவ்வொன்றிலும் ஆயிரம் சேரும் வரை முயற்சியை விடலாகாது.

நல்ல கடிதங்களின் ஃபோல்டரில் எவையெல்லாம் சேர வேண்டும் என்பதை நிதானமாக ஆலோசிக்க வேண்டும். நிரந்தர வாடிக்கைக்காரர்களின் கடிதங்களை மட்டும் சேர்ப்பது போதாது. வெட் புளூ, கிரஸ்ட், ஃபினிஷ்ட் லெதர் என்ற ஒவ்வொரு நிலைச் சரக்கைப் பற்றிய விசாரணையும், ஐரோப்பியச் சட்டப்படி ஆறாம் வகைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பதால் வாங்குகிறவர்கள் கேட்கும் பரிசோதனைச் சான்றிதழ் பற்றிய கடிதமும், சரக்கு மட்டம் என்று கோபமாக எழுதிய புகார்க் கடிதமும், சுங்க இலாகா, ஜி.எஸ்.டி., மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகியவற்றின் அறிவிப்புகளும், கழிவுநீர்ப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சுற்றறிக்கைகளும் அதில் இடம்பெற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, முன்பின் அறியாத ஒருவர் எழுதிப் பின்னால் நல்ல வாடிக்கைக்காரராக ஆன அந்த முதல் கடிதங்களைத் தேடி எடுத்துச் சேர்க்க வேண்டும். ஸ்பாமோடு எளிதில் மயங்கக்கூடியவை அவைதாம். அவற்றில் இருபது முப்பது கிடைத்தாலும் பெரிய லாபம். மூன்று வருஷத்துக் கடிதங்களுக்கு மேல் பின்னோக்கிப் போக வேண்டியதில்லை.

ஸ்பாம் ஃபோல்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை போதும். பிடிக்காத கடிதம் வேறு, ஸ்பாம் வேறு. கண்காட்சிக்காரர்களின் விளம்பரமும், நாமே பெயர் கொடுத்துப் பெறும் வாராந்தர விலைப் பட்டியலும் சலிப்பூட்டினால், அவற்றின் அடியிலுள்ள சுட்டியைப் பயன்படுத்திச் சந்தாவை நிறுத்திக்கொள்ள வேண்டுமேயன்றி, ஸ்பாம் என்று முத்திரை குத்தலாகாது. அவற்றிலுள்ள தோல் தொழிற்சொற்கள் யாவும் அந்த முத்திரையோடு வடிகட்டியின் ஞாபகத்தில் பதிந்து, பிறகு நல்ல கடிதங்களுக்கு விரோதமாகச் சாட்சி சொல்லும். மேலும், கற்பிப்பதற்காக ஒரு கடிதத்தை வேறொரு முகவரிக்கு ஃபார்வர்டு செய்யலாகாது. அப்படிச் செய்தால் மூலக் கடிதத்தின் தலைப்புக் குறிப்புகள் அழிந்து, அனுப்பியவராக நம் குமாஸ்தாவே நிற்பார். மூலக் கடிதத்தை அப்படியே உரிய ஃபோல்டருக்கு நகர்த்துவதுதான் முறை. இந்த வேலையை ஆபீஸில் வியாபாரம் தெரிந்த ஒருவரே செய்ய வேண்டும். நாலு பேர் நாலு விதமாகக் கற்பித்தால் வடிகட்டி குழம்பிப்போகும்.

இனி, ஆபீஸின் ஏற்பாட்டைப் பொறுத்து முறை மாறும். ஜிமெயிலிலோ கூகிள் வொர்க்ஸ்பேஸிலோ முகவரி வைத்திருப்பவர்கள், ஸ்பாம் ஃபோல்டரில் கிடக்கும் நல்ல கடிதத்தைத் திறந்து ‘ஸ்பாம் அல்ல’ என்ற பொத்தானை அழுத்துவதும், உள்ளே வந்த ஸ்பாமை வெறுமனே அழிக்காமல் ஸ்பாமென்று புகார் செய்வதுமே கற்பித்தலாகும். இன்றியமையாத சில முகவரிகளுக்கு, ‘ஒருபோதும் ஸ்பாமுக்கு அனுப்பாதே’ என்ற விதியை ஃபில்டரில் எழுதி வைக்கலாம். தண்டர்பேர்டு உபயோகிப்பவர்களுக்கு ஜே என்ற விசை ஸ்பாமென்று கற்பிக்கும். ஷிஃப்ட் விசையோடு சேர்த்து அதையே அழுத்தினால் நல்லதென்று கற்பிக்கும். இந்த இரண்டாவது விசையை மறந்து முதலாவதை மட்டும் அழுத்துவது, ஒரு தட்டில் மட்டும் எடை போடுவதாகவே முடியும்.

பழைய அவுட்லுக்கில் பாப் முறையில் கடிதங்களை இறக்கிக்கொள்ளும் ஆபீஸ்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. அதைச் சற்று அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன். பாப் முறைக்கு ஃபோல்டர் என்பதே தெரியாது. சர்வரின் இன்பாக்ஸில் இருப்பதை மட்டுமே அது கொண்டுவரும். சர்வர் தானாகவே ஸ்பாமென்று ஒதுக்கிய கடிதம் நம் கம்ப்யூட்டருக்கு வரவே வராது. அப்படி ஒரு ஃபோல்டர் சர்வரில் இருப்பதே ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாமல் வருஷங்கள் கழியக்கூடும். சர்வரிலுள்ள ஃபோல்டர்களையும் காட்டும் ஐமேப் முறைக்கு மாறிக்கொள்வது உத்தமம். மாற இயலாதவர்கள் தினமும் காலையில் பிரவுசர் வழியாகச் சர்வருக்குள் நுழைந்து அந்த ஃபோல்டரைப் பார்க்க வேண்டும். அவுட்லுக்கின் ஸ்பாம் அமைப்பில், சந்தேகமான கடிதங்களை ஃபோல்டரில் வைக்காமல் நிரந்தரமாக அழித்துவிடச் சொல்லும் கட்டம் ஒன்று இருக்கிறது. அதில் ஒருபோதும் குறியிடலாகாது.

சொந்த சர்வரில் ஸ்பாம்அஸாஸின் வைத்திருப்பவர்கள் மதிப்பெண் முறையைப் புரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு கடிதத்தையும் அது நூற்றுக்கணக்கான விதிகளால் சோதித்து, ஒவ்வொரு விதிக்கும் ஒரு மதிப்பெண் கொடுத்துக் கூட்டுகிறது. கூட்டுத்தொகை 5ஐ எட்டினால் ஸ்பாம். பேய்ஸ் முறை ஒரு கடிதத்தை நூற்றுக்கு 99 நிச்சயமாக ஸ்பாமென்று சொன்னாலும், இணையச் சோதனைகளும் சேர்ந்து நடக்கும் சாதாரண அமைப்பில், அதற்கு ஏறக்குறைய 3.5தான் கிடைக்கும், வேறு சாட்சியும் சேர்ந்தாலொழிய அந்தக் கடிதம் ஒதுக்கப்படாது. இது விவேகமான ஏற்பாடு. ஸ்பாம் அதிகமாக வருகிறதென்று எரிச்சலுற்று 5ஐ 3 ஆக்குவோர் உண்டு, அது தவறு. முதல் மூன்று மாதம் எந்தக் கடிதத்தையும் அழிக்காமல், தலைப்பில் குறி மட்டும் இட்டு வரச் செய்து, நல்ல கடிதங்கள் எத்தனை மதிப்பெண் பெறுகின்றன என்று கவனித்து, அதன் பிறகே அளவை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். 0.1க்குக் கீழே பெற்றதை நல்லதென்றும், 12க்கு மேலே பெற்றதை ஸ்பாமென்றும் தானாகவே கற்றுக்கொள்ளும் வசதியும் அதில் இருக்கிறது. சாமர்த்தியமாக எழுதப்பட்ட மோசடிக் கடிதங்கள் மிகக் குறைந்த மதிப்பெண்ணே பெறுவதால், அவற்றை நல்லவை என்று அது கற்றுக்கொண்டுவிடும் அபாயம் உண்டு. ஆகவே ஆரம்ப மாதங்களில் இவ்வசதியை நிறுத்தி வைப்பதே என் யோசனை. இங்கிலீஷைத் தவிர மற்ற மொழிகளுக்குத் தண்டம் விதிக்கும் விதியையும், சில நாடுகளிலிருந்து வரும் கடிதங்களை முழுவதும் தடுக்கும் விதியையும், ஏற்றுமதி செய்யும் ஊரில் யாரும் வைத்துக்கொள்ளலாகாது.

நம்பிக்கைக்குரியவர்களின் பட்டியலைத் தயாரிப்பதிலும் நிதானம் தேவை. ஜிமெயில் முகவரிகள் அனைத்தையும் நம்பு என்று ஒரே வரியில் எழுதிவிட்டால், வடிகட்டியே இல்லாததற்கு அது சமானம். கடிதத்தில் காணப்படும் ‘அனுப்புநர்’ பெயரை எவரும் இட்டுக்கொள்ளலாம். எனவே, பெயரை மட்டும் பார்த்து அனுமதிக்கும் பட்டியலைவிட, எஸ்பிஎஃப், டிகிம் என்ற அடையாளச் சோதனைகளில் தேறினால் மட்டும் அனுமதிக்கும் பட்டியலே சிறந்தது. ஸ்பாம்அஸாஸினில் அதற்குத் தனிக் கட்டளை உண்டு. சென்னையில் சர்வதேசத் தோல் கண்காட்சி முடிந்து வந்ததும், பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் மிலான் நகரத்து லினியாபெல்லே கண்காட்சிக்குப் போய்த் திரும்பியதும், சேர்ந்த விசிட்டிங் கார்டுகளின் முகவரிகளை அன்றே தொடர்புப் பட்டியலில் ஏற்றிவிட வேண்டும். அடுத்த ஒரு மாத காலம் ஸ்பாம் ஃபோல்டரை நாளுக்கு இரு வேளை பார்க்க வேண்டும். புது வாடிக்கைக்காரரின் முதற்கடிதம் வரும் காலம் அதுதான்.

நாம் அனுப்பும் விலைக் கடிதம் வாங்குபவரின் ஸ்பாம் ஃபோல்டரில் போய் விழாதிருக்க, நம் கம்பெனியின் டொமைனிலும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற மூன்று அடையாளங்களையும் பதிவு செய்ய வேண்டும். 2024 பிப்ரவரி முதல் கூகிளும் யாஹூவும் அனுப்புபவர் எவராயினும் அடையாளச் சோதனையை எதிர்பார்க்கின்றன. நாளொன்றுக்கு 5,000க்கு மேல் அனுப்புபவர்களுக்கு மூன்றுமே கட்டாயம். டொமைன் விற்றவரிடம் சொன்னால் ஒரு பிற்பகலில் செய்து தருவார். இதில் தாமதிக்க நியாயமில்லை.

இவ்வளவும் செய்த பிறகும் வடிகட்டியால் பிடிக்க முடியாத ஒரு கடிதம் இருக்கிறது. நமக்கும் வாங்குபவருக்கும் இடையே நடக்கும் கடிதப் போக்குவரத்தை, எவருடைய பெட்டியிலாவது திருட்டுத்தனமாக நுழைந்து வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருக்கும் ஒருவன், இன்வாய்ஸ் அனுப்பும் சமயம் பார்த்து, அதே நடையில், அதே கையெழுத்து வரிகளோடு, எங்கள் பாங்குக் கணக்கில் தணிக்கை நடப்பதால் இந்த முறை பணத்தை வேறு கணக்குக்கு அனுப்புங்கள் என்று எழுதுவான். முகவரியில் எம் என்ற ஆங்கில எழுத்துக்குப் பதில் ஆர், என் இரண்டையும் ஒட்டி வைத்திருப்பான். அல்லது திருடிய பெட்டியிலிருந்தே எழுதுவதால் முகவரியில் வித்தியாசமே இராது. அக்கடிதத்தின் சொற்கள் யாவும் நம் வியாபாரச் சொற்கள். எனவே, நன்றாகப் பழக்கப்பட்ட வடிகட்டி அதை இன்னும் தாராளமாக உள்ளே விடும். இதற்குப் பரிகாரம் கம்ப்யூட்டரில் இல்லை. பாங்குக் கணக்கு மாறியதாக எந்தக் கடிதம் வந்தாலும், அக்கடிதத்தில் உள்ள நம்பருக்கு அல்ல, முன்பே நம் குறிப்பில் உள்ள நம்பருக்குப் போன் செய்து, பழகிய குரலில் உறுதி கேட்டுக்கொள்ளாமல் ஒரு காசும் அனுப்பலாகாது. எங்கள் கணக்கு மாறாது, மாறினால் போனில் சொல்வோம் என்ற வாசகத்தை நாமும் ஒவ்வொரு இன்வாய்ஸிலும் அச்சிட்டு அனுப்ப வேண்டும். மின்னஞ்சல் கணக்குகள் அனைத்துக்கும் பாஸ்வேர்டோடு இரண்டாவது சோதனையையும் அமைத்துவிட வேண்டும்.

பணம் தவறான கணக்குக்குப் போய்விட்டதென்று தெரிந்தால், யாரால் நேர்ந்தது என்ற விசாரணையைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் பாங்கு மானேஜரைக் கூப்பிட்டுப் பணத்தை நிறுத்தச் சொல்லுங்கள். உடனே தேசிய சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் செய்து புகாரைப் பதிவு செய்யுங்கள். மோசடிக் கடிதத்தை அழிக்காமல் அப்படியே வைத்திருங்கள். போலீசாருக்கு அதன் தலைப்புக் குறிப்புகள் தேவைப்படும்.